சக்கர நாற்காலியோடு வில்பத்துக் குளங்களுக்கு: யாழ்ப்பாணத்தில் இருந்து இரண்டு நாள் பயணம்

அப்பாவுக்கு ஒரு கால் இல்லை. சலரோகத்தால் இடது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். இளவயதில் புத்தளத்தில் வேலை செய்தவர். வில்பத்துக் காட்டையும் அதன் குளங்களையும் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் சோறு ஆறிப்போகும். "ஒருக்கா என்னைக் கொண்டுபோய்க் காட்டடா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். முதல் தடவை கார்த்திகை மாதம் போய், குளத்தைக் காணாமலே பாதி வழியில் திரும்பினோம். அடுத்த வருஷம் புரட்டாதியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். இரண்டு பயணத்துக்கும் இடையில் நான் பட்டுத் தெரிந்துகொண்டதை, வீட்டில் சக்கரக் கதிரையோடு ஒருவரை வைத்திருக்கும் உங்களுக்காக எழுதுகிறேன்.

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வில்பத்து சக்கர நாற்காலியை நினைத்து அமைத்த பூங்கா அல்ல. ஆனால் அங்கே ஒரு வசதி உண்டு: காட்டுக்குள் யாரும் நடந்து திரிய முடியாது. அனுமதித்த இடங்கள் தவிர வேறெங்கும் வாகனத்தை விட்டு இறங்கக்கூடாது என்பது சட்டம். ஆகவே ஜீப்பில் ஏறிக் குந்திய பிறகு, இரண்டு காலும் உள்ள நானும் ஒரு காலுள்ள அப்பாவும் ஒன்றுதான். எல்லாச் சிக்கலும் அந்த ஏறுதலில்தான். கீழே எழுதியிருப்பதில் பாதி அதைப் பற்றியது.

1. மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

நல்லூர்த் தேரும் தீர்த்தமும் முடிந்து, ஐப்பசி மழை பிடிப்பதற்குள் போய்வாருங்கள். அதாவது ஆவணி நடுப்பகுதியில் இருந்து புரட்டாதி மூன்றாம் வாரம் வரை. ஆங்கில மாதக் கணக்கில் செப்டெம்பர் முழுவதும், ஒக்டோபர் முதல் வாரமும்.

வில்பத்தின் குளங்களை வில்லு என்பார்கள். காட்டுக்குள் இயற்கையாக அமைந்த ஆழமில்லாத பள்ளங்கள். மழை நீர் தேங்கி நிற்கும். செப்டெம்பரில் தண்ணீர் வற்றி நடுவில் சுருங்கிவிடும், சுற்றிவர மணல் கரை அகலமாகத் தெரியும். காட்டில் வேறெங்கும் தண்ணீர் இல்லாததால் மான், மரை, யானை, பன்றி எல்லாம் அந்த மிச்சத் தண்ணீருக்குத்தான் வரவேண்டும். நீங்கள் விலங்குகளைத் தேடிப் பல மணி நேரம் குலுங்கத் தேவையில்லை. குளக்கரையில் ஜீப்பை நிறுத்திப் பார்த்துக்கொண்டு இருந்தால் போதும். இருந்தே பார்க்க வேண்டியவருக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது.

கனடாவில் இருந்து வந்திருந்த மச்சான், "அங்கே இப்ப மரமெல்லாம் சிவப்பா இருக்கும்" என்றார். இங்கே இலை நிறம் மாறிக் காடே எரிவதுபோல் நிற்கும் காட்சி எதுவும் இல்லை. புழுதி படிந்த மங்கிய பச்சை, காய்ந்த புல், வெள்ளை மணல், நடுவில் ஒரு துண்டு நீலத் தண்ணீர். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஒக்டோபர் நடுவில் இருந்து பின்னேர இடிமழை தொடங்கும். அதன் பின் வடகீழ்ப் பருவமழை. கார்த்திகையில் நாங்கள் போனபோது செம்மண் பாதை களியாகிவிட்டது. கதிரையின் முன் சில்லு சேற்றில் புதைந்து, அப்பாவைக் கதிரையோடு தூக்க நாலு பேர் தேவைப்பட்டார்கள். அந்த மழையிலும் ஜீப்பைக் கொண்டுபோகலாம் என்று ஒருவர் சொன்னார். கொண்டுபோகலாம்தான். ஒரு காலோடு ஆடி ஆடிப் போகப்போவது அவர் இல்லையே.

நாளையும் பார்க்க வேண்டும். போயா நாளிலும் அதை ஒட்டிய விடுமுறையிலும் அனுராதபுரம் பக்கம் போகாதீர்கள். வீதியும் தங்குமிடங்களும் நிரம்பியிருக்கும். சனி ஞாயிறைவிட வாரநாள் நல்லது. எங்கள் வீட்டில் இன்னொரு சிக்கல்: புரட்டாதிச் சனி. அம்மா கோயிலுக்குப் போய் எள்ளெண்ணெய் விளக்கேற்றி, காகத்துக்கு வைத்த பிறகுதான் சாப்பிடுவார். அன்றைக்குப் பயணம் வைத்தால் அரை நாள் அதோடு போய்விடும். செவ்வாய் புறப்பட்டுப் புதன் திரும்பினோம்.

2. எத்தனை தடவை ஏற்றி இறக்க வேண்டும் என்று எண்ணுங்கள்

முதல் பயணத்தில் நான் விட்ட பெரிய பிழை இதுதான். தூரத்தைக் கணக்குப் பார்த்தேன், காசைக் கணக்குப் பார்த்தேன், தூக்குவதைக் கணக்குப் பார்க்கவில்லை. தேத்தண்ணிக்கு இறக்கினோம், கோயிலுக்கு இறக்கினோம், மத்தியானச் சாப்பாட்டுக்கு இறக்கினோம். அனுராதபுரம் போய்ச் சேரும்போது அப்பாவுக்குத் தோள்மூட்டு வலி, எனக்கு நாரி பிடித்துவிட்டது.

இரண்டாம் தடவை ஒரு தாளில் எழுதினேன். வீட்டில் இருந்து வான், வானில் இருந்து தங்குமிடம், தங்குமிடத்தில் இருந்து ஜீப், ஜீப்பில் இருந்து தங்குமிடம், அங்கிருந்து வான், வானில் இருந்து வீடு. மொத்தம் ஆறு. படுக்கைக்கும் கழிப்பறைக்கும் மாற்றுவது வேறு. அது வீட்டிலும் நடப்பதுதான். ஆறுக்கு மேலே ஒவ்வொன்றையும் "இது தேவையா?" என்று கேட்டு வெட்டினேன். முறிகண்டியில் வானை நிறுத்தினோம், அப்பா இறங்கவில்லை. அங்கிருந்தபடியே பிள்ளையாரைக் கும்பிட்டார், கச்சான் யன்னல் வழியாக அவர் கைக்குப் போனது.

ரயில் நல்லதில்லையா என்று கேட்பீர்கள். அனுராதபுரம் வரை வசதியான பயணம்தான், செலவும் குறைவு. ஆனால் பெட்டியின் படிகள் செங்குத்து, வாசல் ஒடுக்கம், உள்ளே நடுவழியில் கதிரை போகாது. அதோடு வீட்டில் இருந்து நிலையம், நிலையத்தில் இருந்து ரயில், இறங்கிய பின் இன்னொரு வாகனம் என்று ஏற்றி இறக்கும் எண்ணிக்கை கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். கொஞ்சம் நிற்கவும் இரண்டு அடி வைக்கவும் முடிந்தவர் என்றால் ரயிலை யோசிக்கலாம். இல்லாவிட்டால் வேண்டாம்.

3. கதிரையைப் பாருங்கள்

மடிக்கக்கூடிய கதிரைதான் வேண்டும். சாதாரண மடிப்புக் கதிரை 15 முதல் 18 கிலோ வரும், ஓர் ஆள் தூக்கலாம். கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, கைப்பிடி கழற்றவோ மேலே மடக்கவோ வரவேண்டும். நிலையான கைப்பிடி இருந்தால் பக்கவாட்டாக நகர்த்தி ஏற்ற முடியாது, ஒவ்வொரு தடவையும் ஆளைத் தூக்கியே ஆகவேண்டும். இரண்டு, கதிரையின் முழு அகலத்தை அளந்து வையுங்கள். எங்களுடையது 25 அங்குலம். இந்த எண் பின்னால் தங்குமிடம் பிடிக்கும்போது தேவைப்படும்.

காற்றடிக்கும் சில்லு என்றால் சைக்கிள் பம்பும் ஒரு ரியூப்பும் எடுத்துப் போங்கள். பிரேக்கை வீட்டிலேயே சரிபார்த்து இறுக்குங்கள். இருக்கைக்குத் தடித்த பஞ்சு மெத்தை அவசியம்; அதே மெத்தையை வானிலும் ஜீப்பிலும் போடலாம். வீட்டுக் கதிரை பழசாகிவிட்டது என்றால் மருத்துவ உபகரணக் கடைகளில் விசாரியுங்கள். யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையத்தில், செயற்கைக் கால் வேலையோடு, எந்தக் கதிரை யாருக்குப் பொருந்தும் என்ற அனுபவமும் உள்ளவர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம் ஒரு பலகை. இரண்டரை அடி நீளம், எட்டு அங்குல அகலம், நன்றாகச் சீவி மெழுகு தேய்த்தது. எங்கள் ஊர்த் தச்சர் ஒரு மணி நேரத்தில் செய்து தந்தார். கதிரைக்கும் வாகன இருக்கைக்கும் நடுவில் பாலம்போல வைத்து, ஆளைச் சறுக்கி நகர்த்துவதற்கு. இந்தப் பயணத்தில் நான் செலவழித்த காசில் மிகவும் பயன்பட்டது இந்தப் பலகைக்குக் கொடுத்ததுதான்.

பக்கத்து வீட்டு பிக்கப்பின் முன் சீட்டில் அப்பாவை மூன்று தடவை ஏற்றி இறக்கிப் பழகினோம். நீங்களும் பழகுங்கள். எந்தப் பக்கம் கதிரையை வைப்பது (நல்ல கால் இருக்கும் பக்கம் வாகனத்துக்குக் கிட்ட வரவேண்டும்), யார் "ஒண்டு, ரெண்டு, மூண்டு" சொல்வது, யார் கதிரையைப் பிடிப்பது என்று முற்றத்தில் முடிவாகட்டும். காட்டு வாசலில் இருட்டில் நின்று அதை விவாதிக்கக்கூடாது.

4. வான்

ரொயோட்டா கேடிஎச் வான்தான் சரி. பக்கக் கதவு இழுத்துத் திறப்பது, உள்ளே இடம் அதிகம், பின்னால் கதிரை மடித்து வைக்கலாம். நடுவரிசையில் கதவுக்குப் பக்கத்து இருக்கையை அப்பாவுக்கு ஒதுக்கினோம். பேரம் பேசும்போதே சொல்லிவிடுங்கள்: ஒருவர் நடக்கமாட்டார், ஏற்ற இறக்க நேரம் எடுக்கும், இடையில் ஒரு தடவை திரைச்சீலை போட்டு வானை ஓரமாக நிறுத்த வேண்டி வரும். இதைக் கேட்டு முகம் சுளிக்கிற சாரதியை வீட்டு வாசலிலேயே விட்டுவிடுங்கள்.

யாழ்ப்பாணத்தில் இருந்து ஏ9 வீதி வழியாக வவுனியா, மதவாச்சி, பிறகு அனுராதபுரம். அதன் பின் புத்தளம் வீதியில் நொச்சியாகம தாண்டிப் போய், வலப்பக்கம் திரும்பிச் சுமார் 8 கிலோமீட்டர் போனால் ஹுனுவிலகம வாயில். மொத்தம் 240 கிலோமீட்டர் அளவில் வரும். காலை எட்டுக்குப் புறப்பட்டால் நிறுத்தங்களோடு பின்னேரம் இரண்டரை, மூன்று.

ஒரு பொறி: கைத்தொலைபேசி வரைபடத்தைப் பார்த்துவிட்டு, மன்னாரில் இருந்து சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி வழியாகக் காட்டுக்குள்ளால் குறுக்கே போகலாம் என்று யாராவது சொல்வார்கள். எங்களுக்கும் ஒரு சித்தப்பா சொன்னார். அந்த யோசனையை விட்டுவிடுங்கள். ஜீப்புகள் நிற்கும் பிரதான வாயில் ஹுனுவிலகம. ஏ9 வழியே போங்கள்.

நீண்ட நேரம் ஒரே இருப்பில் இருந்தால் புண் வரும். சலரோகக்காரருக்குச் சொல்லவே வேண்டாம். அரை மணிக்கு ஒரு தடவை கையை ஊன்றி உடம்பைக் கொஞ்சம் தூக்கவோ பக்கம் சாயவோ சொல்லி, கைத்தொலைபேசியில் மணி வைத்தேன். "நீ என்னைப் பள்ளிக்கூடத்திலை வைச்சிருக்கிறாய்" என்று அப்பா ஏசினார். ஏசட்டும்.

5. தங்குமிடம்: வார்த்தையை நம்பாமல் படம் கேளுங்கள்

அனுராதபுர நகரில் தங்கலாம், அல்லது காட்டு வாயிலுக்குப் போகும் வழியில் உள்ள சிறிய விடுதிகளில் தங்கலாம். எங்கள் அனுபவத்தில் வாயிலுக்குக் கிட்ட இருப்பது மேல். விடியப்புறம் ஒரு மணி நேரத் தூக்கம் மிச்சம், ஜீப்பும் விடுதி வாசலுக்கே வரும்.

தொலைபேசியில் "வீல்செயார் வரலாமா?" என்று கேட்டால் எல்லோரும் "வரலாம், பிரச்சினை இல்லை" என்றுதான் சொல்வார்கள். பொய் சொல்கிறார்கள் என்று நினைக்கவேண்டாம். அவர்களுக்குப் படி கண்ணில் படுவதில்லை. நாங்கள் பதிவு செய்த விடுதியிலும் படி இல்லை என்றார்கள். போய்ப் பார்த்தால் விறாந்தைக்கு ஏற மூன்று படி. "இது படியா? மூன்றுதானே" என்றார் அங்கிருந்த பையன்.

ஆகவே கேள்வியை மாற்றுங்கள். வாசல், அறைக் கதவு, குளியலறைக் கதவு மூன்றையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். குளியலறைக் கதவின் அகலத்தை அளந்து சொல்லச் சொல்லுங்கள். அறைக் கதவு அநேகமாகப் போதும், மாட்டுவது குளியலறையில்தான். 24 அங்குலக் கதவுக்குள் 25 அங்குலக் கதிரை போகாது. உள்ளே இருக்கும் கழிப்பறை இருந்து போகும் வகையா என்பதையும் கேளுங்கள். கதவு ஒடுக்கம் என்றால் கைப்பிடி இல்லாத பிளாஸ்டிக் கதிரை ஒன்றை உள்ளே வைத்து, பலகையில் சறுக்கி மாற்றலாம். நாங்கள் அதைத்தான் செய்தோம்.

பின்னேரம் வேறெங்கும் போகவில்லை. விடுதிக்குப் பின்னால் ஊர்க்குளம் ஒன்று. மண் இறுகிய குளக்கட்டு. கதிரை தடையில்லாமல் ஓடியது. சூரியன் இறங்கும் வரை அப்பா அங்கே இருந்தார். அந்தப் பக்கத்து ஊர்களில் இப்படிக் குளங்கள் நிறைய. விடுதி பிடிக்கும்போது "பக்கத்தில் குளக்கட்டு இருக்கா, தட்டையா?" என்று கேட்டு வையுங்கள். கதிரையிலேயே தண்ணீருக்குப் பக்கத்தில் போகக்கூடிய இடம் இந்தப் பயணத்தில் அது ஒன்றுதான்.

6. ஜீப்: முன் சீட்டைப் பேசுங்கள்

சபாரி ஜீப்பின் பின்பக்கம் உயரமானது. இரும்புப் படி ஏறி, கம்பியைப் பிடித்து, ஆள் மேலே போகவேண்டும். பின் இருக்கையில்தான் காட்சி நன்றாகத் தெரியும் என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் பின் சில்லுக்கு மேலே இருப்பவருக்குத்தான் குலுக்கலும் அதிகம். ஒரு காலோடு இருப்பவருக்குச் சமநிலை கிடைக்காது, ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவார்.

சாரதிக்குப் பக்கத்தில் உள்ள முன் இருக்கையைக் கேளுங்கள். அநேகமான ஜீப்புகள் பிக்கப்பை மாற்றிக் கட்டியவை. முன்னால் வழமையான கதவும் இருக்கையும் இருக்கும். உயரம் குறைவு, இருக்கைப் பட்டி இருக்கும், குலுக்கல் பாதி. யன்னல் வழியாகக் குளமும் தெரியும். சில சாரதிகள் அந்த இருக்கையில் தங்கள் உதவியாளரை ஏற்றிக்கொள்வார்கள். முதல் நாளே பேசி, ஜீப்பின் முன் கதவைத் திறந்துவைத்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள்.

இனி அந்த மூன்று படியின் கதை. எங்கள் கதிரையின் இருக்கை நிலத்தில் இருந்து 20 அங்குலம். ஜீப்பின் முன் இருக்கை மூன்றடிக்கு மேல். பலகையை வைத்தால் கூரை ஏறுவதுபோல இருக்கும், சறுக்க முடியாது. விடியப்புறம் ஐந்து மணிக்கு அதைப் பார்த்து நான் தலையில் கைவைத்துக்கொண்டு நிற்கிறேன். அப்பா விறாந்தையில் இருந்தபடியே சாரதியிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அவர் ஜீப்பைப் பின்னுக்கு எடுத்து, விறாந்தையோடு ஒட்டி, முன் கதவு அப்பாவுக்கு நேரே வரும்படி நிறுத்தினார். விறாந்தை ஒன்றரை அடி உயரம். கதிரை அதன் மேல். இருக்கையும் இருக்கையும் ஏறக்குறைய ஒரே மட்டம். பலகையைப் போட்டோம், அப்பா தானாகவே நகர்ந்து உள்ளே போய்விட்டார். முதல் நாள் என்னை வெறுப்பேற்றிய அதே படிகள்.

ஆகவே காட்டு வாயிலில் வைத்து ஏறாதீர்கள். ஜீப்பை விடுதிக்கு வரச் சொல்லுங்கள். திண்ணை, விறாந்தை, சுமையேற்றும் மேடை, எதுவாக இருந்தாலும் ஒன்றரை அடி உயரமான ஓர் இடத்தில் ஒட்டி நிறுத்தச் சொல்லுங்கள். இறங்கும்போதும் அதே இடம். ஒட்டி நிறுத்துவதற்கு முன் கதவு முழுதாகத் திறக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விறாந்தை கதவின் அடியைவிட உயரம் என்றால் கதவு முட்டும்.

அரை நாள் மட்டும் எடுங்கள். காலை ஆறில் இருந்து பத்து, பத்தரை வரை. முழு நாள் பேசினால் ஒரு ஜீப்பின் காசு கொஞ்சம்தான் கூடும் என்று ஆசை காட்டுவார்கள். பதினொரு மணி நேரம் குலுங்கி இருக்க என்னாலேயே முடியாது.

சில சிங்களச் சொற்கள் உதவும். ரோத புடுவ என்றால் சக்கர நாற்காலி. இஸ்ஸரஹ சீட் என்றால் முன் சீட். ஹெமின் யன்ன என்றால் மெதுவாகப் போங்கள். கடைசிச் சொல்லை நான் அன்று முப்பது தடவையாவது சொல்லியிருப்பேன். சிறுத்தை நிற்கிறது என்று தொலைபேசியில் செய்தி வந்தால் ஜீப்புகள் பறக்கத் தொடங்கும். "எங்களுக்குச் சிறுத்தை வேண்டாம், குளம் போதும்" என்று புறப்படும்போதே சொல்லி வையுங்கள்.

7. ஆவணங்கள்

உள்ளூர்க்காரர் எல்லோரும் தேசிய அடையாள அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும். புகைப்படப் பிரதி வேண்டாம், மூல அட்டை. முதியவர்களின் அட்டை பழசாகி எழுத்து அழிந்திருந்தால் கடவுச்சீட்டையும் சேர்த்து எடுங்கள்.

வெளிநாட்டுச் சொந்தக்காரர் கூட வந்தால் இங்கேதான் பொறி. நுழைவுக் கட்டணம் உள்ளூருக்கு ஒன்று, வெளிநாட்டவருக்கு டொலரில் கணக்கிட்ட இன்னொன்று. பல மடங்கு வித்தியாசம். முகத்தையோ தமிழையோ பார்த்து முடிவு செய்யமாட்டார்கள். கையில் உள்ள கடவுச்சீட்டுத்தான். இரட்டைக் குடியுரிமை எடுத்தவர்கள் இலங்கைக் கடவுச்சீட்டையோ அடையாள அட்டையையோ மறக்காமல் கொண்டுபோங்கள். மச்சானிடம் கனடாக் கடவுச்சீட்டு மட்டும்தான் இருந்தது. அவர் ஒருவருக்கான டிக்கெட், எங்கள் நாலு பேருடையதையும் சேர்த்ததைவிட எத்தனையோ மடங்கு. "நான் கொக்குவிலிலை பிறந்தனான்" என்று சொல்லிப் பார்த்தார். டிக்கெட் கொடுப்பவர் சிரித்துவிட்டு எழுதினார்.

அப்பாவின் கிளினிக் கொப்பியையும் மருந்துப் பட்டியலையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்தோம். வழியில் ஏதாவது ஆனால் வவுனியாவிலும் அனுராதபுரத்திலும் பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. கொப்பி இருந்தால் மருத்துவருக்கு விளக்க வேண்டிய தேவை குறையும். மருந்துப் பட்டியல் ஆங்கிலத்தில் இருக்கட்டும்.

8. மருந்து, சாப்பாடு, கழிப்பறை

இன்சுலின் போடுபவர் என்றால், ஐஸ் கட்டியில் நேரடியாகப் படாதபடி துணி சுற்றிக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள், உறைந்தால் பயன்படாது. விடியப்புறம் ஐந்து மணிக்கு ஊசி போட்டுவிட்டு, சாப்பாட்டைக் காட்டுக்குள் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். சாப்பாடு தாமதமானால் சீனி இறங்கிவிடும். ஊசியும் சாப்பாடும் எப்படி ஒத்துப்போக வேண்டும் என்று மருத்துவரிடம் முதலிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சட்டைப் பையில் நாலு குளுக்கோஸ் வில்லை இருக்கட்டும். எங்கள் சாப்பாடு பாண், சம்பல், அவித்த முட்டை, கதலி வாழைப்பழம், பிளாஸ்கில் பிளேன்டீ. கழிவு எதையும் காட்டில் போடாமல் பையில் கட்டி வெளியே கொண்டுவரவேண்டும்.

கழிப்பறை பற்றி வெட்கப்படாமல் வீட்டில் கதையுங்கள். ஆண்களுக்கு மூடியுள்ள சிறுநீர்ப் போத்தல் போதும். பெண்களுக்கும் நீண்ட நேரம் அடக்க முடியாதவர்களுக்கும் பெரியோருக்கான பம்பர்ஸ்தான் நிம்மதி. நாலு மணி நேரத்துக்கு ஒன்று என்று கணக்கு வைத்து, மேலதிகமாக இரண்டு எடுங்கள். வாயிலில் கழிப்பறை உண்டு என்பதை மட்டும் நம்பாதீர்கள்; அதற்காகத் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கச் சொல்லவும் வேண்டாம். முதல் பயணத்தில் அப்பா தானாகவே தண்ணீரைக் குறைத்துக்கொண்டார், எங்களைத் தொல்லைப்படுத்தக்கூடாது என்று. அன்று இரவு தலைச்சுற்று. அது எனக்குத் தெரிந்தது இரண்டு நாள் கழித்து, அம்மா சொல்லி.

9. காட்டுக்குள்

வாயில் காலை ஆறுக்குத் திறக்கும், பின்னேரம் ஆறோடு மூடும். முன் இருக்கையில் பட்டி போட்ட பின், இல்லாத காலின் பக்கம் ஒரு தலையணையைச் செருகுங்கள். அந்தப் பக்கம்தான் உடம்பு சாயும். புழுதிக்கு மூக்கை மூட ஒரு ஈரத் துவாய். கதிரையை மடித்து ஜீப்பின் பின்னால் கயிற்றால் கட்டிக்கொண்டோம். விட்டுவிட்டுப் போகலாம் என்றார் சாரதி. இறங்க அனுமதியுள்ள இடத்தில் அவசரம் என்றால் என்ன செய்வது?

இங்குள்ள குளங்களின், இடங்களின் பெயரைக் கேட்டால் தமிழ்க் காது நிமிரும். பணிக்கர் வில்லு, காளி வில்லு, மேற்கே கடற்கரையில் குதிரைமலை. சாரதி ஒரு பெயர் சொல்ல, அப்பா அதற்கு வேறு உச்சரிப்புச் சொல்ல, கடைசியில் சாரதி அப்பாவை "மஹத்தயா" (ஐயா) என்று கூப்பிட்டு வழி கேட்கத் தொடங்கிவிட்டார். குதிரைமலை அரை நாளில் முடியாது, அதிக தூரம். கேட்டால் பேசாமல் மறுத்துவிடுங்கள்.

நாங்கள் மூன்று குளக்கரைகளில் நின்றோம். ஒவ்வொன்றிலும் இருபது நிமிடமாவது இயந்திரத்தை நிறுத்தி. புள்ளிமான் கூட்டம், கரையில் வாயைத் திறந்தபடி முதலை, தண்ணீருக்குள் மஞ்சள் அலகோடு நாரைகள், தூரத்தில் ஒரு தனி யானை. சிறுத்தை இல்லை. கடைசிக் குளத்தில் அப்பா ஒன்றும் பேசவில்லை. புறப்படலாமா என்று கேட்டேன். "கொஞ்சம் பொறு" என்றார்.

10. செலவு

நாங்கள் அப்பா, அம்மா, நான், தம்பி என்று உள்ளூர்க்காரர் நாலு பேர், மச்சானோடு ஐந்து. நாங்கள் கொடுத்ததைச் சொல்கிறேன். நீங்கள் போகும்போது டீசல் விலைக்கேற்ப மாறும். வான் இரண்டு நாளுக்கு 55,000 ரூபா, சாரதியின் சாப்பாடும் இரவும் உட்பட. விடுதி இரண்டு அறை 16,000. அரை நாள் ஜீப் 15,000, விடுதிக்கு வந்து ஏற்றுவதற்கு மேலதிகமாக 1,500. சாப்பாடு, தேத்தண்ணி, கச்சான் எல்லாமாக 9,000 அளவில்.

டிக்கெட்டில் ஆள் கணக்கோடு வாகனக் கட்டணம், சேவைக் கட்டணம், வரி எல்லாம் சேரும். ஆளுக்கு இவ்வளவு என்று கேள்விப்பட்டதைப் பெருக்கி வைத்துக்கொண்டு போனால் கணக்கு இடிக்கும். ஜீப் காசில் டிக்கெட் அடங்குமா என்று தெளிவாகக் கேளுங்கள்; அநேகமாக அடங்காது. எல்லாவற்றையும் காசாகவே எடுத்துப் போங்கள்.

வானைக் கிலோமீட்டர் கணக்கில் பேசுவதா, நாள் கணக்கில் பேசுவதா? நாள் கணக்கு. கிலோமீட்டர் கணக்கில் வந்த சாரதி காத்திருக்கும் நேரத்துக்கு அவசரப்படுத்துவார், அந்த அவசரத்தில்தான் ஆளைத் தவறவிடுவோம்.

11. திரும்பி வந்த பிறகு

பதினொரு மணிக்கு விடுதிக்கு வந்து, அப்பாவை இரண்டு மணி நேரம் படுக்கவைத்துவிட்டுத்தான் புறப்பட்டோம். விடுதியில் பின்னேரம் வரை அறையை வைத்திருக்க முதல் நாளே கேட்டு வையுங்கள். சிலர் சும்மா விடுவார்கள், சிலர் அரை நாள் காசு கேட்பார்கள். கொடுத்துவிடுங்கள். ஏழரைக்கு வீடு.

அன்றிரவே முதுகின் கீழ்ப்பகுதி, இருப்பிடம், வெட்டிய காலின் முனை மூன்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்து, அழுத்தினால் வெளுக்காமல் இருந்தால் அது புண்ணின் தொடக்கம். அந்த இடத்தில் பாரம் படாமல் வைத்து மறுநாளே மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றக் காலின் விரலிடுக்குகளையும் பாருங்கள். சலரோகக்காரருக்குக் கீறல் பட்டது தெரியாது.

கதிரையைத் தண்ணீர் பீச்சிக் கழுவாதீர்கள். செம்மண் புழுதி சில்லின் பெயரிங்குக்குள் இறங்கி, காய்ந்தபின் அரைக்கத் தொடங்கும். ஈரத் துணியால் துடைத்து, முன் சில்லுகளைக் கழற்றி, பழைய பற்தூரிகையால் மண்ணை எடுத்து, கிறீஸ் பூசுங்கள். எங்கள் வீட்டில் யாரோ தேங்காய் எண்ணெய் விட்டார்கள். ஒரு வாரத்தில் எறும்பு வந்தது.